திருப்பிக் கட்டிப்பிடிச்ச மரம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேரு வச்சு முடிக்காத காலத்துல, இலவநாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. நல்லா உட்காந்துக்கோங்க. காலை நீட்டுறவங்க நீட்டிக்கோங்க. தண்ணி குடிக்கணும்னா இப்பவே குடிச்சுட்டு வந்துருங்க. நடுவுல எந்திரிச்சுப் போயிட்டு வந்து, விட்ட இடத்துல இருந்து சொல்லுன்னா எனக்குக் கோவம் வரும்.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். பால்குடி மறந்த பிள்ளையில இருந்து பல்லு விழப்போற பிள்ளை வரைக்கும் யாருக்கும் ஏடு கிடையாது, எழுத்தாணி கிடையாது, சுவரு வச்ச பள்ளிக்கூடம் கிடையாது. அவங்களுக்குப் பள்ளிக்கூடம்னா காடுதான். விடிஞ்சதும் காட்டுக்குப் போகணும், பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பணும். மழை பேஞ்சா இன்னும் சீக்கிரமாப் போகணும். குட்டையெல்லாம் நிறைஞ்சிருக்கும்ல, குதிக்க வேண்டாமா?

பள்ளிக்கூடத்துல பாடம் சொல்றதும் வடிவக்காதான், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதும் வடிவக்காதான், மூக்கு துடைச்சு விடுறதும் வடிவக்காதான். சின்ன வயசுக்காரி. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட மரத்து மேல உட்காந்துக்கிட்டே பேசினவ. அவங்க திரும்பி வரல, இவளும் அதைப் பத்திக் கவலைப்படல. இடுப்புல ஒரு சுருக்குப்பை, அது நிறைய வறுத்த கடலை. பசிச்ச பிள்ளைக்கு ஒரு பிடி, அழுத பிள்ளைக்கு ஒரு பிடி, சும்மா கை நீட்டின பிள்ளைக்கும் ஒரு பிடி. அதனால வடிவக்கா பக்கத்துல வந்தாலே கடலை வாசம் வரும்.

எத்தனை பிள்ளைங்கன்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. ஒரு இடத்துல நின்னாத்தானே எண்ண முடியும். அதுக்காகவே வடிவக்கா நீளமா ஒரு கயிறு வச்சிருந்தா. கயிறு முழுக்க முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முடிச்சைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் வரிசையா நடந்து போவாங்க, தெருவுல நாய் கூட வழி விட்டு நிக்கும்.

காட்டு வாசல்ல பெரிய ஆலமரம். அங்க வந்ததும் கயிறு நின்னுரும். எல்லாப் பிள்ளையும் ஒண்ணாக் கேக்கும்.

"வரலாமா?"

கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கணும். காடு பதில் சொல்ற வரைக்கும் ஒரு காலும் உள்ள போகக் கூடாது. கொஞ்ச நேரத்துல ஒரு இலை விழும், இல்ல ஒரு குருவி கத்தும், இல்ல ஒரு அணில் கடிச்சுப்போட்ட பழம் கீழ வந்து விழும். அதுதான் பதில். "வரலாமாம்"னு சொல்லிக்கிட்டு உள்ள ஓடுவாங்க.

உள்ள ஒரு திடல், அதைச் சுத்தி மரங்க. புதுசா ஒரு பிள்ளை வந்தா வடிவக்கா அதோட கண்ணைத் துணியால கட்டுவா. மூணு சுத்து சுத்தி விடுவா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஒரு மரத்துகிட்ட விடுவா. பிள்ளை அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்கணும், கன்னத்தை வச்சுப் பாக்கணும், மோந்து பாக்கணும். அப்புறம் திரும்பக் கூட்டிட்டு வந்து கட்டை அவுத்து விட்டு, உன் மரம் எதுன்னு போயிக் கண்டுபிடிம்பா. கண்டுபிடிச்சாச்சுன்னா அது அந்தப் பிள்ளையோட கூட்டாளி. தினமும் காலையில முதல் வேலையா கூட்டாளியைக் கட்டிப்பிடிச்சு, நேத்து வீட்டுல என்ன குழம்புன்னு சொல்லிட்டுத்தான் மத்த விளையாட்டு.

மாடன்னு ஒரு குண்டுப் பையன். அவன் கூட்டாளி இலவமரம், உடம்பெல்லாம் முள்ளு. வேற மரம் பாத்துக்கலாம்டான்னு வடிவக்கா சொல்லிப் பாத்தா, அவன் கேக்கல. எந்த முள்ளுக்கு நடுவுல கையை வைக்கணும்னு அவனுக்கு மட்டும் தெரியும். எசக்கின்னு ஒரு வாயாடி. அவ கூட்டாளி மாமரம், முசுறு எறும்பு கூடு கட்டின மரம். எசக்கி போயி மெதுவா ஊதுவா, எறும்பு வழி விடும். பூலான்னு ஒருத்தன். அவன் கூட்டாளி வேங்கை. பட்டையில இருந்து எந்நேரமும் பிசின் வடியும், அதனால பூலான் கையும் எந்நேரமும் பிசுபிசுன்னுதான் இருக்கும்.

இப்ப அரமனைக்கு வருவோம். அந்த நாட்டு ராசாவுக்குப் பேரு பொற்பாதர். அவரு பாதம் மண்ணுல பட்டதே இல்ல. நடக்குற இடமெல்லாம் பட்டு விரிப்பு. அவரு சின்னப் பிள்ளையா இருக்கும்போது காட்டுக்கு அனுப்பாம, பிள்ளைக்குச் சளி, பிள்ளைக்குச் சளின்னு வைத்தியரைச் சொல்ல வச்சே அவங்க அப்பா அந்தப் பள்ளிக்கூட வயசு முழுக்க ஓட்டிட்டாரு. அவ்வளவு பாசம்.

பொற்பாத ராசாவுக்கு ஒரே மக, வஞ்சுளா. தாயில்லாப் பிள்ளை. ராசா அவளைக் கீழ இறக்கி விட்டா எறும்பு கடிக்கும், மேல தூக்கி வச்சா காத்தடிக்கும்னு தவிச்ச மனுசன். அவளுக்கும் சளின்னு சொல்ல வைத்தியரு தயாரா இருந்தாரு. ஆனா வஞ்சுளா தினமும் மாடத்துல நின்னு கயிறு போறதைப் பாப்பா. ஒருநாள், எனக்கும் ஒரு முடிச்சு வேணும்னா. இன்னைக்கு வேணாம்னாரு ராசா. அப்ப எனக்கு இன்னைக்குச் சாப்பாடும் வேணாம்னுட்டா. மறுநாள் பாலும் வேணாம். ராசா தோத்துட்டாரு.

வஞ்சுளாவுக்குக் கிடைச்ச முடிச்சு பூலானுக்குப் பக்கத்து முடிச்சு. நடந்து போற வழியெல்லாம் அவன் கை இவ கையில பட்டு ஒட்டும். இவ முகத்தைச் சுளிச்சுக்கிட்டே பாவாடையில துடைப்பா, அது மறுபடி ஒட்டும். ஆலமரத்துகிட்ட நின்னு "வரலாமா?"ன்னு கேட்டா. ஒரு பழுத்த இலை அவ தோள் மேலயே வந்து விழுந்துச்சு. பிள்ளை முகத்துல வந்த சிரிப்பைப் பாக்கணுமே.

ஆனா திடலுக்குப் போனா ஒரு சங்கடம். பிள்ளைக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு பிள்ளைன்னு எல்லாத்துக்கும் ஏற்கெனவே ஆள் இருந்துச்சு. வஞ்சுளாவுக்கு மரம் இல்ல. எல்லாரும் ஓடிப் போயி ஆளுக்கொண்ணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்க, இவ மட்டும் நடுவுல நின்னா. கீழுதடு துடிக்க ஆரம்பிச்சுருச்சு.

வடிவக்கா ஒரு நாவப்பழக் கன்னைக் கொண்டு வந்தா. ரெண்டு பேரும் குழி தோண்டி, நட்டு, தண்ணி ஊத்தினாங்க. அது வஞ்சுளாவோட முழங்கால் உசரம் கூட இல்ல. கட்டிப்பிடிக்க முடியுமா? பிடிச்சா ஒடிஞ்சு போயிரும்.

"இது வளர்ற வரைக்கும் நான்தான் உன் மரம்"னா வடிவக்கா.

வஞ்சுளா யோசிச்சா. "நான் கட்டிப்பிடிச்சா மரம் என்னைத் திருப்பிக் கட்டிப்பிடிக்குமா அக்கா?"

"மத்த மரம் பிடிக்காது. அதுபாட்டுக்கு நிக்கும். நான் பிடிப்பேன்."

அன்னையில இருந்து தினமும் காலையில மத்த பிள்ளைங்க மரத்துகிட்ட ஓடும், வஞ்சுளா வடிவக்காகிட்ட ஓடுவா. கட்டிப்பிடிச்சா கடலை வாசம். வடிவக்காவும் குனிஞ்சு ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சு, நேத்து என்ன குழம்புன்னு கேப்பா. அரமனையில தினமும் பதினாறு வகைக் குழம்பு, அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாடனுக்குப் பசி வந்துரும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒருநாள் விழுந்து கிடந்த ஒரு மரத்து மேல ஏறி வஞ்சுளா சறுக்கிட்டா. முழங்கால்ல ஒரு சிராய்ப்பு. அவ அதைப் பெருமையா அப்பாகிட்டக் காட்டினா. சொட்டு ரத்தத்தைப் பாத்ததும் ராசா அப்படியே சிம்மாசனத்துல சரிஞ்சுட்டாரு. விசிறி வீசித்தான் எழுப்பினாங்க.

எழுந்ததும், கூப்பிடுங்க அந்த வடிவைன்னாரு. இனிமே பள்ளிக்கூடத்தை அரமனை மண்டபத்துலயே வச்சுக்கணும்னு உத்தரவு. காடுதானே வேணும், அதையும் இங்கயே கொண்டு வர்றேன்னு தன்னோட ஆஸ்தான மாயாவி பஞ்சவர்ணனைக் கூப்பிட்டாரு. அந்தாளு கெட்டவன்னு சொல்ல மாட்டேன். ஆனா தன்னை மிஞ்சி ஆளில்லங்கிற மண்டைக்கனம் உண்டு. அஞ்சு நிற மயிலிறகை ஒரு வீசு வீசினான். மண்டபம் முழுக்கக் காடு. தங்க மரம், பட்டு இலை, கூப்பிட்டா பாடுற குருவி. சேவகங்க எல்லாம் ஆன்னு வாயைப் பிளந்துட்டாங்க.

வஞ்சுளா மட்டும் தரையில குத்த வச்சு உட்காந்து எதையோ தேடினா. எறும்பு எங்கன்னு கேட்டா. மாயாவி சிரிச்சுக்கிட்டே இறகை அசைச்சான், எறும்பு வரிசை வந்துச்சு. வஞ்சுளா அது மேல கையை வச்சா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, இது கையில ஊரலயே, கடிக்கலயேன்னா. மாயாவிக்கு முகம் சுண்டிப் போச்சு.

வடிவக்கா பணிவாத்தான் சொன்னா. "ராசா, மரம் நடந்து அரமனைக்கு வராதுல்ல. அதான் பிள்ளைங்களை மரத்துகிட்டக் கூட்டிட்டுப் போறேன். சிராய்ப்பு ஆறிரும். பயந்து பயந்து வளந்தா அது ஆறாது."

ராசாவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா நாட்டு வழக்கத்தை ராசாவே மீறினா ஊரு சும்மா விடாது. அதனால அவளை அனுப்பிட்டு மாயாவியைத் தனியாக் கூப்பிட்டாரு. அவ இனிமே என் பிள்ளையைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுச் சுத்தக் கூடாது, என்ன செய்வியோ செய்யின்னாரு. என்ன செய்யப்போறன்னு அவரு கேக்கல. அங்கதான் மனுசன் தப்புப் பண்ணிட்டாரு.

மறுநாள் காலையில கயிறு வழக்கம் போலக் காட்டுக்குப் போச்சு. பூலான் மட்டும் வரல, காய்ச்சல். அவன் முடிச்சு சும்மா தொங்கிக்கிட்டு வந்துச்சு. வஞ்சுளாவுக்குக் கை ஒட்டாதது நிம்மதியா இருந்துச்சு, கொஞ்சம் ஒரு மாதிரியாவும் இருந்துச்சு. ஆலமரத்துகிட்ட "வரலாமா?"ன்னு கேட்டாங்க, ஒரு கிளி கத்துச்சு, உள்ள போனாங்க.

திடல்ல ஒரு அஞ்சு நிறப் பறவை உட்காந்திருந்துச்சு. பிள்ளைங்க அதைப் பாக்க ஓடி வர, அது பஞ்சவர்ணனா எந்திரிச்சு நின்னுச்சு. ஒரு வீசுதான். வடிவக்காவைக் காணோம். அது மட்டுமா? திடலைச் சுத்தி இருந்த மரமெல்லாம் ஒரே மாதிரி ஆயிருச்சு. ஒரே உசரம், ஒரே பருமன், ஒரே வழவழப்பான பட்டை, ஒரே பச்சை இலை. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்ல. அதுல ஒண்ணு வடிவக்கா. இனிமே உங்க அக்கா எங்கயும் நடக்க மாட்டான்னு சொல்லிட்டுப் பஞ்சவர்ணன் ராசாகிட்டப் பரிசு வாங்கப் போயிட்டான்.

பிள்ளைங்க தனியா நின்னுச்சுங்க, காட்டுக்குள்ள. மாடன் ஓன்னு அழுதான். நீங்களும் நானுமா இருந்தா ஆளுக்கொரு திசையில ஓடித் தொலைஞ்சிருப்போம். ஆனா வடிவக்கா அவங்களுக்குச் சொல்லி வச்ச பாடம் ஒண்ணு இருந்துச்சு. வழி தெரியலன்னா ஓடாதே, இருக்குற இடத்துலயே இரு, சத்தம் குடு. எசக்கிதான் முதல்ல கயித்தைப் பிடிச்சு உட்காந்தா. எல்லாரும் உட்காந்தாங்க. சேந்து "கூஊஊ"ன்னு சத்தம் குடுத்தாங்க. மூச்சு வாங்கிட்டு மறுபடி குடுத்தாங்க. மறுபடியும் குடுத்தாங்க.

அந்தச் சத்தம் ஊருக்குக் கேட்டுச்சு. அம்மா அப்பா எல்லாரும் ஓடி வந்தாங்க. ராசாவும் பல்லக்குல வந்தாரு, மந்திரியோட, மாயாவியோட, சேவகங்களோட. ஆலமரத்துகிட்ட ஒருத்தரும் நிக்கல, ஒருத்தரும் கேக்கல. தடதடன்னு உள்ள நுழைஞ்சாங்க. காடு கப்சிப்னு ஆயிருச்சு. ஒரு குருவி கூடக் கத்தல.

வடிவக்கா மரமாயிட்டான்னு பிள்ளைங்க சொன்னதும் ராசா மாயாவி பக்கம் திரும்பினாரு. நான் இதையா சொன்னேன்னு கத்தினாரு, இப்பவே மாத்துன்னாரு. பஞ்சவர்ணன் தலையைச் சொறிஞ்சான். போட்ட மந்திரத்தைப் போட்டவன் எடுக்க முடியாதாம். யாராவது சரியான மரத்தைக் கட்டிப்பிடிச்சு, வடிவக்கான்னு பேரு சொல்லிக் கூப்பிட்டா அவ திரும்பி வருவா. மூணு தடவைதான் கூப்பிடலாம். மூணும் தப்பாப் போனா அவ வேரு விட்டுருவா, அப்புறம் எந்தக் காலத்துக்கும் மரம்தான். சொல்றதைச் சொல்லிட்டு, எந்தக் கண்ணாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு மெதுவா ஒரு பெருமையும் பட்டுக்கிட்டான்.

ராசா தன் தப்பைத் தானே சரி பண்ணணும்னு இறங்கினாரு. சேவகங்க பட்டு விரிச்சாங்க. ஒவ்வொரு மரமாப் பாத்தாரு. எது அழகா இருக்கோ அதுதான்னு நினைச்சு ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்சு வடிவக்கான்னாரு. அடுத்த நிமிசம் ஐயோன்னு குதிச்சாரு. பட்டை என்னமோ கண்ணுக்கு வழவழன்னுதான் இருக்கு, ஆனா கையில பொட்டுப் பொட்டா ரத்தம்.

ரெண்டாவதா மந்திரி வந்தாரு. பெரிய புத்திசாலி. நிழலை அளந்தாரு, இலையை எண்ணினாரு, தாடியைத் தடவிக்கிட்டு ஒரு மரத்துகிட்டப் போயி வடிவக்கான்னு கட்டிப்பிடிச்சாரு. பிடிச்சவரு வேட்டியை உதறிக்கிட்டுத் திடலைச் சுத்தி ஓடினாரு. கண்ணுக்கு ஒரு எறும்பு தெரியல, ஆனா உடம்பு முழுக்கக் கடி. சிரிக்காதீங்க, அந்த மூலையில யாரு சிரிக்கிறது? அங்க ஒருத்தி உசுரு ஊசலாடுது.

இன்னும் ஒரே ஒரு தடவை. யாருக்கும் கிட்டப் போகத் தைரியம் இல்ல.

அப்பத்தான் மாடன் ராசாவோட கையையே பாத்துக்கிட்டிருந்தான். அழுகையை நிறுத்திட்டுச் சொன்னான், அது என் மரம்னு. எசக்கி மந்திரியைக் கையைக் காட்டி, அது என் மரம்னா. வஞ்சுளா அவங்க ரெண்டு பேரையும் பாத்தா. மண்டபத்துல கடிக்காத எறும்பு அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. அங்க எறும்பு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, கைக்குத் தெரியல. இங்க முள்ளு கைக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. மாயாவி மரம் எதையும் மாத்தல, பாக்குற கண்ணை மட்டும்தான் ஏமாத்துறான்.

அவ அப்பாகிட்டப் போனா. "அப்பா, உங்களுக்கு ஒரு மரத்தையும் தெரியாது. எங்களுக்கு எல்லா மரத்தையும் தெரியும். நாங்க தேடுறோம்."

ராசா தயங்கினாரு. மக முழங்கால்ல இருந்த காயத்தைப் பாத்தாரு, அது காஞ்சு பொருக்குத் தட்டியிருந்துச்சு. தன் கையில வடியிற ரத்தத்தைப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு. சரி கண்ணுன்னாரு. பிள்ளைங்க கண்ணைக் கட்டத் துணி கேட்டதும் தன் பட்டு அங்கவஸ்திரத்தையே கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தாரு.

பிள்ளைங்க உடனே தேட ஆரம்பிக்கல. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்த வழியே ஆலமரத்துக்குத் திரும்பிப் போச்சுங்க. பெரியவங்க யாரும் கேக்காம நுழைஞ்சுட்டாங்கல்ல, அதுக்கும் சேத்துக் கேக்கணும். "வரலாமா?"ன்னு கேட்டுட்டு நின்னுச்சுங்க. காடு ரொம்ப நேரம் பேசல. கோவம் இருக்காதா பின்ன? கடைசியில எங்கயோ தூரத்துல ஒரு செம்போத்து கத்துச்சு. வரலாமாம்.

எல்லாக் கண்ணையும் கட்டியாச்சு. பட்டுத்துணி கட்டின பிஞ்சுங்க கையை முன்னாடி நீட்டிக்கிட்டுத் திடல்ல பரவுச்சு. ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்குது, மன்னிச்சுக்கிடுது, நகருது. மரத்தைத் தொடும், தடவும், மோந்து பாக்கும், இது இல்லன்னு அடுத்ததுக்குப் போகும். ஒருத்தர் வாயிலயும் வடிவக்காங்கிற பேரு வரல. சொன்னா கணக்குல சேந்துருமே. ஆளாளுக்குத் தன் கூட்டாளியைத்தான் தேடினாங்க.

மாடன் முள்ளுக்கு நடுவுல சரியாக் கையை வச்சு, ஆங், இவன்தான்னான். எசக்கி ஒரு மரத்துகிட்ட நின்னு மெதுவா ஊதினா, எறும்பு வழி விட்டுச்சு. ஒருத்தி தன் மரத்தோட பொந்தைக் கண்டுபிடிச்சா. ஒருத்தன் பட்டையை நக்கியே பாத்துட்டுச் சொன்னான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிள்ளையாக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

கடைசியில ஆளில்லாம ரெண்டே மரம் நின்னுச்சு. ஒண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கிற பூலானோட மரம். இன்னொண்ணு வடிவக்கா. நடுவுல மரமில்லாத ஒரே பிள்ளை, கண்ணைக் கட்டிக்கிட்டு, வஞ்சுளா.

பூலானோட மரத்தை அவ ஒருநாளும் தொட்டதில்ல. முதல் மரத்துகிட்டப் போயி கையை வச்சா. கை ஒட்டுச்சு. எடுத்தா, மறுபடி ஒட்டுச்சு. வழக்கம் போலப் பாவாடையில துடைக்கப் போனவ, அப்படியே நின்னுட்டா. இந்தப் பிசுபிசுப்பு அவளுக்கு நல்லாத் தெரியும். எத்தனை நாள் முகத்தைச் சுளிச்சிருக்கா இதுக்கு. "பூலான்"னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே அந்த மரத்துக்கு ஒரு முத்தம் குடுத்தா.

அடுத்த மரத்துகிட்டப் போனா. முள்ளு இல்ல, எறும்பு இல்ல, பிசின் இல்ல. கன்னத்தை வச்சா, வெறும் சொரசொரப்பான பட்டை. ஒருவேளை தப்பா இருந்தா? மூச்சை இழுத்து மோந்து பாத்தா. கடலை வாசம் வந்துச்சு.

ரெண்டு கையையும் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் விரிச்சுக் கட்டிப்பிடிச்சா.

"வடிவக்கா. நேத்து எங்க வீட்டுல வெறும் ரசம்தான். நான்தான் அது போதும்னு சொன்னேன்."

ஒண்ணும் நடக்கல. வஞ்சுளா கையை எடுக்கல. பிடிச்சுக்கிட்டே நின்னா.

மரம் அவளைத் திருப்பிக் கட்டிப்பிடிச்சுச்சு.

கட்டை அவுத்துப் பாத்தா வடிவக்கா குனிஞ்சு நிக்கிறா. தலையில ரெண்டு இலை, இடுப்புல சுருக்குப்பை. கண்ணுல தண்ணி. ரசத்துக்குத் தொட்டுக்க என்ன வச்சுக்கிட்டேன்னு கேட்டா. அவ்வளவுதான், மத்த பிள்ளைங்களும் ஓடி வந்து விழுந்துச்சுங்க, வடிவக்கா தரையில உருண்டா. இலவமரம் இலவமரமாச்சு, மாமரம் மாமரமாச்சு, வேங்கை வேங்கையாச்சு. பஞ்சவர்ணன் கையில இருந்த மயிலிறகு வெறும் கோழி இறகா நின்னுச்சு. எப்பவும் அது கோழி இறகுதானாம், நம்ம கண்ணுக்குத்தான் அப்படித் தெரிஞ்சிருக்கு.

ராசா வடிவக்கா முன்னாடி வந்து கை கூப்பினாரு. என்னை மன்னிச்சுரும்மா, பயந்துட்டேன்னாரு. வடிவக்கா, என்கிட்டக் கேக்குறதுக்கு முன்னாடி வாசல்ல கேக்கணும் ராசான்னா.

ராசா ஆலமரத்துக்குப் போனாரு. தங்கப் பாதுகையைக் கழட்டினாரு. சேவகங்க பட்டு விரிக்க ஓடி வந்தாங்க, வேணாம்னுட்டாரு. அவரு பாதம் முதல் தடவையா மண்ணுல பட்டுச்சு. ஈரமா, குளிர்ச்சியா இருந்துச்சு. விரலை ஒரு தடவை அசைச்சுப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வரலாமா?"ன்னு கேட்டாரு.

கேட்டுட்டுச் சும்மா நிக்கணுமே, அது ராசாவுக்குப் பழக்கமா என்ன? காலை மாத்தினாரு, தொண்டையைச் செருமினாரு. எசக்கி உஸ்னு ஒரு அதட்டு போட்டா. அப்ப மேல இருந்து ஒரு ஆலம்பழம் ணங்குனு கிரீடத்து மேல விழுந்துச்சு. வரலாமாம், வரலாமாம்னு பிள்ளைங்க குதிச்சுச்சுங்க.

பஞ்சவர்ணனை ஊரை விட்டுத் துரத்தணும்னாரு மந்திரி, இன்னும் சொறிஞ்சுக்கிட்டே. வடிவக்கா ஒத்துக்கல. கயித்தோட கடைசியில ஒரு முடிச்சு போட்டு அவன் கையில குடுத்தா. மறுநாள்ல இருந்து பஞ்சவர்ணன் பிள்ளைங்க பின்னாடி முடிச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்தான், தொட்டுப் பாக்கவும் மோந்து பாக்கவும் கத்துக்கிட்டான். காய்ச்சல் விட்டு வந்த பூலானுக்கும் பழைய முடிச்சுதான். வஞ்சுளா அவன் கையை அவளாவே பிடிச்சுக்கிட்டா, துடைக்கல.

நாவக் கன்னு வளந்துச்சு. வஞ்சுளா உசரம் வந்துச்சு, அதையும் தாண்டுச்சு. கட்டிப்பிடிச்சாத் தாங்குற அளவு தண்டு திரண்டுச்சு. ஒருநாள் வடிவக்கா, உன் மரம் வளந்துருச்சே, இனிமே என்னை விட்டுரலாம்லன்னு கேட்டா. கேக்கும்போது அவ குரலு லேசா இறங்குச்சு.

வஞ்சுளா அன்னைக்கு அப்பாவையும் காட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தா. அவரு கண்ணைக் கட்டி, மூணு சுத்து சுத்தி விட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி நாவ மரத்துகிட்ட விட்டா. ராசா கட்டிப்பிடிச்சாரு, கன்னத்தை வச்சாரு, மோந்து பாத்தாரு. கட்டை அவுத்ததும் நேரா அதுகிட்டப் போயி நின்னாரு.

"அப்பாவுக்குத்தான் மரமே இல்ல. இது அப்பாவுக்கு"ன்னா வஞ்சுளா. அப்புறம் திரும்பி ஓடி வந்து வடிவக்காவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. "எனக்குத்தான் இருக்கே."

கதை இம்புட்டுத்தான். அந்த நாவ மரம் இன்னும் காய்க்குது, ராசா வாயெல்லாம் ஊதா நிறமா அலையுறாராம். நீங்க இங்க என்ன பண்ணுறீங்க? எந்திரிங்க, போயி ஆளுக்கொரு மரத்தைப் பிடிங்க. பிடிக்கிறதுக்கு முன்னாடி வரலாமான்னு கேட்டுருங்க, முள்ளு இருக்கான்னும் தடவிப் பாத்துக்கோங்க.